கேளாத பாதி

"வீட்டு ஓனர் மாடியில இருக்காங்க. சாவி அவங்ககிட்டதான்."

கதவைத் திறந்தவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினான். மேகனாவுக்குச் சுருக்கென்றது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி உறையூரில் இறங்கியதிலிருந்து மழை. குடை ஒரு பக்கம் வளைந்து, துப்பட்டா பாதி நனைந்து... இத்தனையும் யாருடைய வீட்டையோ பார்க்கவா?

"நான் வீடு பார்க்க வரலீங்க. ஸ்பீக்கர் பார்க்க வந்தேன்."

அவன் நின்றான். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். அவள் இமையோரத்தில் ஒரு மழைத்துளி, விழுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துளிக்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள்... நல்ல கோபத்தில்.

போனில் பேசியது சரத்குமார் என்ற ஆண் அல்லவா என்று அவன் இழுத்தான். சரத்குமார் தங்கள் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவன், அவன் பைக் வழியில் பஞ்சர், அவன் வந்திருந்தாலும் ஸ்பீக்கரைக் கேட்டு முடிவு சொல்லப்போவது தான்தான் என்று அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அப்ப உள்ள வாங்க," என்றான் அவன். "தலையைத் துவட்டிக்கிட்டுத் திட்டுங்க."

சிரிக்கக்கூடாது என்று நினைத்தாள். உதடு கேட்கவில்லை.

மேகனா ஸ்ரீரங்கத்துப் பெண். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் அலுவலகத்தில் வேலை. கூட வேலை செய்யும் மூன்று பேரோடு சேர்ந்து கல்யாண வரவேற்புகளிலும் கல்லூரி விழாக்களிலும் கச்சேரி செய்வாள். கீபோர்டு அவளுடையது. எந்தக் கருவி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் அவள்தான். ஆனால் கடந்த ஒரு வருடமாகக் குழுவுக்குள் ஒரே சண்டை. பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி போதவில்லை, இன்னும் ஏற்று என்பாள் மேகனா. இதற்கு மேல் ஏற்றினால் மண்டபமே இடிந்துவிடும் என்பான் சரத்குமார். வாடகை செட்டை மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் அவளுக்குத் திருப்தி இல்லை. இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் பெட்டிகளில் கனமே கிடையாது, பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர் வாங்கினால்தான் சரிவரும் என்று அவள் பிடிவாதம் பிடித்துத் தேடியபோதுதான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

அவன் பெயர் நவநீதன். துவாக்குடியில் ஒரு கம்பெனியில் தரம் சோதிக்கும் சூப்பர்வைசர். துறையூர்ப் பக்கம் ஒரு சினிமா தியேட்டரை மூடியபோது, திரைக்குப் பின்னால் நின்ற இரண்டு பெட்டிகளை ஆசைப்பட்டு வாங்கி வந்திருந்தான். இங்கிலாந்தில் செய்தவை, இடுப்புயரம், ஒவ்வொன்றிலும் பேஸுக்கு ஒரு பெரிய ஸ்பீக்கரும் மேலே உச்ச ஒலிக்கு ஒரு ஹார்னும். வாடகைக்கு இருந்த வீட்டை இப்போது விற்கிறார்கள். போகப்போகும் வீடோ இரண்டாவது மாடி, குறுகிய படிக்கட்டு. பெட்டி ஏறாது.

"விற்க மனசில்லைன்னு உங்க முகத்திலேயே எழுதியிருக்கு," என்றாள்.

"அதை விலையில சேர்த்துக்கலாமா?"

"முடியாது."

வேலையில் இறங்கியதும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். முன்பக்கத் துணியைக் கழற்றச் சொன்னாள். செல்போன் வெளிச்சத்தில் காகிதக் கோனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், கிழிசல் இல்லை, ஒட்டுப் போட்ட தடம் இல்லை. ஐந்து விரலையும் கோனின் மேல் பரப்பி, குழந்தையின் வயிற்றைத் தொடுவதுபோல மெல்ல அழுத்தி, காதை ஒட்டி வைத்துக் கேட்டாள். உள்ளே கம்பிச்சுருள் உரசினால் கரகரவென்று வருமாம். வரவில்லை. பையிலிருந்து மீட்டரை எடுத்து ஒயர் முனையில் வைத்துப் பார்த்தாள். ஒரு சின்ன பேட்டரியைத் தொட்டுத் தொட்டு எடுத்தாள், கோன் முன்னே வந்து வந்து போனது.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண் இவ்வளவு கவனமாக எதையும் கேட்டு நவநீதன் பார்த்ததில்லை. தானும் அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கலாம் என்று ஒரு கிறுக்குத்தனமான எண்ணம் வந்தது. சட்டென்று தலையைத் திருப்பி ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்தான்.

பிறகு ஆம்ப்ளிஃபயரைப் போட்டு அவள் கொண்டுவந்த ட்ராக்கை ஓடவிட்டான். முதலில் குரல் வந்தது, பிறகு வயலின்... அவள் முகம் மலர்ந்தது. ஹார்ன் சுத்தமாக இருக்கிறது என்றாள். அப்புறம் பேஸ் மட்டும் தனியாக வரும் இடம் வந்தது. அவள் காத்திருந்தாள். புருவம் சுருங்கியது.

"பெரிய ஸ்பீக்கர் வேலை செய்யலையே."

"நல்லாத்தானே செய்யுது."

"எங்க செய்யுது? உள்ள வேற ஏதோ மட்டமான ஸ்பீக்கரை மாத்திட்டு விற்கிறீங்களா?"

அவன் முகம் சிவந்தது. தான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றான். பிடிக்கவில்லையென்றால் போகலாம், பழி சொல்ல வேண்டாம் என்றான். அவளும் விடவில்லை, இந்தக் காதை யாரும் ஏமாற்ற முடியாது என்றாள். கோபத்தில் அவன் சத்தம் கூட்டும் குமிழைத் திருகினான். இன்னும் திருகினான்.

ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர் நகர்ந்தது. அதிலிருந்த தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை.

மேகனா டம்ளரையே பார்த்தாள். பிறகு மெதுவாகப் போய்ப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். மரம் உறுமிக்கொண்டிருந்தது. முழங்கை வரை ஏறியது அந்த அதிர்வு. கையை எடுத்தாள். அறை அமைதியாக இருந்தது... அவளுக்கு மட்டும்.

மறுபடி வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

ஒரு வருடச் சண்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கண்ணுக்குள் வந்து போயின. சரத்குமாரின் சலிப்பு. மண்டபத்தில் காதைப் பொத்திக்கொண்ட பெரியவர்கள். செட்டில் குறை இல்லை. எந்த செட்டிலும் குறை இருந்திருக்கவில்லை.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். நவநீதன் கோபத்தோடு ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அந்தக் கண்களைப் பார்த்து நின்றுவிட்டான். கை தானாகப் போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தது.

"உங்க ஸ்பீக்கர் நல்லா இருக்குங்க," என்றாள் அவள். "நான்தான்... மன்னிச்சுக்கங்க."

மீட்டரை எடுக்கவில்லை. குடையையும் விரிக்கவில்லை. மழைக்குள் போய்விட்டாள்.

தில்லைநகரில் ஒரு காது டாக்டர் சோதித்துப் பார்த்து, நரம்பில் குறை என்றார். தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் போயிருக்கின்றன, அதனால்தான் பேச்சில் இத்தனை நாள் தெரியவில்லை. போனது திரும்பாது. இருப்பதும் மெல்ல மெல்லக் குறையலாம். காதில் கருவி வைத்தால் பேச்சுக்கு ஓரளவு உதவும். பாட்டுக்கு என்று மேகனா கேட்டபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பாட்டு வேறு மாதிரி கேட்கும் என்றார்.

அம்மா கோதைநாயகி அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அடுப்படியில் தளிகை செய்துகொண்டே, கல்யாணம் நிச்சயமாகும்வரை இதை யாரிடமும் மூச்சுவிடாதே என்று மட்டும் சொன்னாள். பெருமாள் மேல் பாரத்தைப் போடு என்றாள். குரலில் கண்டிப்பு இல்லை, பயம்தான் இருந்தது. அதுதான் மேகனாவை இன்னும் உடைத்தது.

குழுவை விட்டு விலகினாள். அலுத்துவிட்டது என்றாள். சரத்குமார் நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை. வீட்டில் கீபோர்டின் இடது பக்கத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். கீழே போகப்போக விரல் படும் டொக் டொக் சத்தம்தான். அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

சரத்குமாரிடம் எண் வாங்கி நவநீதன் அழைத்தான், அவள் எடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் அலுவலக வாசலில் மீட்டரோடு நின்றுகொண்டிருந்தான். கொடுத்துவிட்டுப் போவான் என்று நினைத்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். எதிர்க் கடை பெஞ்சில் டீ ஆறிப்போகும்வரை எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். வேறு யாரிடமும் சொல்ல முடியாததை இவனிடம் சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், அவள் முகம் உடைந்த அந்த நொடியை அவன் பார்த்துவிட்டான். அவனிடம் நடிக்க வேண்டியதில்லை. அதன் பிறகு சில சாயங்காலங்கள் அந்த பெஞ்சிலேயே கழிந்தன. அவன் ஆறுதல் சொல்ல மாட்டான். கம்பெனி கதைகளைச் சொல்வான். அவளுக்குச் சிரிப்பு வரும்... சிரித்துவிட்டு, இது எத்தனை நாளைக்கு என்று நெஞ்சு கனக்கும். பெண் பார்க்க வருவதாகச் சொன்ன ஒரு குடும்பம், எங்கிருந்தோ விஷயம் தெரிந்து, வரவில்லை. அதையும் அவனிடம்தான் சொன்னாள்.

அன்றுதான் அவன் அதைச் சொன்னான். அந்த இரண்டு பெட்டிகளையும் அவளே வைத்துக்கொள்ள வேண்டும், காசு வேண்டாம் என்றான். வீட்டில் இருந்தால் கையை வைத்தாவது...

"போதும்," என்றாள் மேகனா. "கையை வச்சுத் தடவித் தெரிஞ்சுக்கற பாட்டு எனக்கு வேண்டாம். உங்க இரக்கமும் வேண்டாம்."

அவன் அப்படி நினைக்கவில்லை என்று சொல்லத் தொடங்கினான். அவள் எழுந்து போய்விட்டாள். அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வேண்டாம் என்று சொன்னவள், தினமும் அந்த பெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறையில் காவிரி கரைதொட்டு ஓடியது. படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காதைவிடப் பெரிதாக ஒன்று போய்க்கொண்டிருப்பதுபோல இருந்தது. அதைத் தடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

குழுவுக்காக அந்தப் பெட்டிகளை விலைக்குக் கேட்டுப் பார்த்த சரத்குமார்தான் பிறகு ஒருநாள் சொன்னான், அவை வேறிடத்துக்கு விலையாகிவிட்டன, வரும் ஞாயிற்றுக்கிழமை உப்பிலியபுரத்து மைக்செட்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போகிறாராம். நவநீதனும் அன்றே வீட்டைக் காலி செய்கிறானாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகள் மினி வேனில் ஏறியிருந்தன. தூறிக்கொண்டிருந்தது. மைக்செட்காரர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே, அவளும் வீட்டு மனுஷி என்று நினைத்து, பேச்சுக் கொடுத்தார். தம்பிக்கு நல்ல கனமான குரல், மைக்கே தேவையில்லை, போனில் பேசியபோது வயசான ஆள் என்றே நினைத்தேன் என்று சொல்லிச் சிரித்தார்.

மேகனா சிரிக்கவில்லை. கனமான குரலா... இவனுக்கா? அவளுக்குத் தெரிந்த நவநீதன் மெல்லிசாகப் பேசுகிறவன். கூச்சப்படும் பையன்போல ஒரு குரல். ராத்திரிகளில் அவள் நினைத்து நினைத்துப் பார்த்தது அந்தக் குரலைத்தான்.

வேன் போயிற்று. வெறும் அறையில் அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் வாசலிலேயே நின்றாள்.

"உங்க குரல் கனமான குரலா?"

 அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லி உங்களை இன்னொரு தடவை அழ வைக்கவா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைத் தெரிஞ்ச எல்லாருக்கும் ஒரு குரல் தெரியும். எனக்கு மட்டும் அது தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது. எனக்குக் கேக்கறது பாதிதான்... அதுவும் போயிடும். ஒருநாள் நீங்க எதிர்ல நின்னு பேசுவீங்க, நான் உதட்டைப் பார்த்துட்டு இருப்பேன்."

"சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன் மேகனா. எனக்குத் தெரியாது." அவன் ஓரடி முன்னால் வந்து நின்றான். "ஆனா அன்னிக்கு நான் சொன்னது இரக்கத்துல இல்ல. அந்தப் பெட்டி உங்க வீட்ல இருந்தா, அதுல ஏதாவது ரிப்பேர்னு சொல்லிக்கிட்டு அடிக்கடி வரலாம்னு நினைச்சேன். நேரா கேக்கத் தைரியம் வரலை. இப்பவும் இல்ல. ஆனா கேக்கறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்குக் கேக்கற அந்தப் பாதி... அது போதுமா உங்களுக்கு?"

வெளியே தூறல் மழையாகிவிட்டிருந்தது. வாசல் தாழ்வார ஓட்டில் விழும் சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

"போதாது," என்றாள். கண்ணீர் வழிய வழியச் சொன்னாள். "போதவே போதாது. ஆனா அதையும் வேண்டாம்னு விட்டுட்டுப் போக என்னால முடியலை. விட்டுட்டுப் போய்ப் பார்த்துட்டுத்தான் திரும்பி வந்திருக்கேன்."

அவன் கண்களும் கலங்கின.  அவள் உள்ளே வந்து, பாய்கூட இல்லாத தரையில், அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பேசுங்க," என்றாள்.

"என்ன பேசறது?"

"எதையாவது. கேக்கற வரைக்கும் கேட்டுக்கறேன்."

நவநீதன் தானும் தரையில் உட்கார்ந்து, புது வீட்டின் குறுகிய படிக்கட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். எத்தனை படி, எங்கே திருப்பம், எந்த ஜன்னலில் வெயில் வரும், இரண்டு பேர் சேர்ந்து ஏறினால் தோள் இடிக்கும் என்று... மேகனா கண்ணை மூடாமல், அவன் முகத்தைப் பார்த்தபடியே, தனக்கு மட்டும் வந்து சேரும் அந்த மெல்லிய குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.