மேலே நடந்த கால்கள்

மாடியில் நடக்கும் கணவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. வாயைத் தைத்தாலும் மூக்கால் பேசுகிற மனிதர்.

கீழ் அறையின் உட்கூரையைப் பிரித்திருந்தார்கள். வரிசையாக மர விட்டங்கள், அவற்றின்மேல் மாடித்தரைப் பலகைகள். பலகை இடுக்குகள் வழியே பிற்பகல் வெயில் மெல்லிய கோடுகளாக இறங்கி, பழைய மரத்தூசியின் புளித்த வாசனையோடு, ஏணியில் நின்ற தச்சரின் தோளில் விழுந்தது. விட்டங்கள் தனித்தனியே அசைவதால்தான் தரை கிரீச்சிடுகிறதாம். நடுநடுவே குறுக்குக் கட்டை இறுக்கினால் அடங்கிவிடுமாம். எது அசைகிறது என்று பார்க்க மேலே ஒருவர் நடக்கவேண்டும். மாடி மூலையில் தூங்கும் குழந்தை ஒவ்வொரு கிரீச்சுக்கும் திடுக்கிட்டு அழுவதால் அவள்தான் தச்சரை வரவழைத்திருந்தாள். இன்று சுத்தியல் சத்தத்துக்கும் அது அழவில்லை.

"சார், சன்னல் பக்கம் வாங்க."

கிரீச்.

"இன்னும் ஒரு எட்டு."

கிரீச்.

"என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா? சார் மூச்சே விடலையே?"

"சண்டைன்னா இன்னும் ஜாஸ்தியா பேசுவாருண்ணே."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

கட்டைகள் ஒவ்வொன்றாக ஏறின. தரை ஒவ்வோர் இடமாக அடங்கியது. கடைசி ஆணியும் இறங்கியபோது வாசல் கதவு திறந்தது.

"கடையில ஒரே கூட்டம். இந்தாங்கண்ணே, ஆணி." கணவர் வியர்வையைத் துடைத்தபடி அண்ணாந்து பார்த்தார். "அட, முடிச்சிட்டீங்களா? மேல யாரு நடந்தா?"

"நீங்க... மேலதானே இருந்தீங்க?"

"ஆணி பத்தாதுன்னு, நீ விளக்கு எடுக்க உள்ள போனப்பவே கிளம்பிட்டேனே. அண்ணன் அப்ப ஏணி எடுக்க வெளிய போயிருந்தாரு."

தச்சர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கணவர் படியேறி ஓடினார். மேல்கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தார். குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்தினார். மறுபடி இடித்தார்.

அவள் பலகைகளை அண்ணாந்து பார்த்தாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மேலே சத்தமில்லை. இனி வரவும் வராது. அவள் கேட்டுச் செய்த வேலை.

சன்னல் பக்கம் ஒரு வெயில் கோடு அறுந்தது.

அடுத்த கோடு.

அதற்கடுத்தது.

மூலையை நோக்கி.

அங்கே நின்றது.

பிறகு அதன் பக்கத்தில், இன்னும் தவழ மட்டுமே தெரிந்த அவள் குழந்தையின் இரண்டு குட்டிப் பாதங்கள் வெயிலை மறைத்தன.

பெரிய நிழல் ஓர் எட்டு வைத்தது.

சின்ன நிழலும் வைத்தது.