சொல்தாவுக்கு வைத்த கிளாஸ்

தொப்!

நண்டு வறுவல் தட்டின் மேலேயே முகம் கவிழ்ந்தார் அந்த மெட்ராஸ்காரர்.

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். பாண்டிச்சேரியில் மெட்ராஸ்காரர் விழுவது என்ன அதிசயம்? அங்கே மதுவிலக்கு. இங்கே சுற்றிப் பார்க்க வருகிறார்கள். முதலில் கடல், அடுத்து கலங்கரை விளக்கம், அதற்கப்புறம் எதைப் பார்த்தோம் என்று அவர்களுக்கே தெரியாது!

தனக்கொடி சிரிக்கவில்லை.

கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். விழுந்தவரின் தலையைத் தூக்கினாள்.

வாயோரம் நுரை... நீலம் பாய்ந்த உதடு...

எத்தனையோ குடிகாரர்களைத் தூக்கி ரிக்‌ஷாவில் ஏற்றிய கை அது. போதைக்கும் விஷத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?

"அஞ்சலாட்சி, அடுப்பை விடு. வண்டி கூப்பிடு, ஆஸ்பத்திரிக்கு."

சமையல்கட்டிலிருந்து அஞ்சலாட்சி ஓடினாள். கை கழுவப் போயிருந்த கூட்டாளி ஈரக் கையோடு வந்து அலறினார். அவர் பெயர் கலியமூர்த்தி. விழுந்தவர் சக்கரபாணி. சைதாப்பேட்டையில் இருவருக்கும் சேர்ந்து ஒரு பாத்திரக்கடை. ஒரே பாட்டிலில்தான் இருவரும் குடித்தார்களாம். இவர் கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறார்.

அப்படியென்றால் பாட்டிலில் இல்லை!

தனக்கொடியின் கண் மேஜையை மேய்ந்தது. தட்டு. பாட்டில். இரண்டு கிளாஸ்.

இல்லை... மூன்று!

மூன்றாவது கிளாஸ் தடிமனானது. பச்சை விளிம்பு. காலி.

அது வாடிக்கையாளர் கிளாஸ் அல்ல. சைகோனிலிருந்து அவள் புருஷன் கொண்டுவந்தது.

புருஷன் கிருஷ்ணசாமி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஊர் பாஷையில் சொல்தா. அவர் போன பிறகு பென்ஷனை முடக்கிப் போடாமல் கடற்கரைக்கு இரண்டாவது தெருவில் இந்தச் சாப்பாட்டுக் கடையும் பாரும் திறந்தாள் தனக்கொடி. இன்று ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் பெரிய நாள். வருஷா வருஷம் இன்று சாயங்காலம் மூலையில் இருக்கும் அவர் படத்துக்கு விளக்கேற்றி, நண்டு, ரொட்டி, அந்தக் கிளாஸ் நிறைய பிரெஞ்சு பிராந்தி எல்லாம் வைத்துப் படைப்பாள். பீச்சில் பேண்டு வாத்தியம் முடிந்ததும் படையலை எடுக்க வேண்டும். பிராந்தியில் அவள் ஒரு வாய். மிச்சமெல்லாம் கொழுந்தன் ராஜாங்கத்துக்கு.

இந்த வழக்கம் குடும்பத்துக்கு மட்டுமே தெரியும். சைதாப்பேட்டைக்கு எப்படித் தெரியும்? படத்தின் முன்னால் நிறைந்த கிளாஸ், பக்கத்தில் ஆளில்லை. வியாபாரி அல்லவா... கொசுறு என்று நினைத்து எடுத்து ஊற்றிக்கொண்டார்!

அப்படியானால் விஷம் யாருக்கு வைத்தது?

'எனக்கு!'

இரண்டு பேர் சக்கரபாணியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அஞ்சலாட்சியும் கூடப் போனாள். ஆள் போயாச்சு என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள். அந்தச் சந்தடியில் தனக்கொடி பச்சை விளிம்பு கிளாஸை முந்தானையில் மூடி எடுத்தாள். அலமாரியைத் திறந்தாள். சொல்தா கொண்டுவந்தது ஜோடி. இரண்டாவதை எடுத்து, சமையல்கட்டுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்து படத்தின் முன்னால் வைத்தாள்.

வைத்து முடிக்கவும் ராஜாங்கம் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கி, ஊர் சுற்றிக் காட்டி, கடைசியில் அண்ணி கடையில் கொண்டுவந்து தள்ளுவது அவன் தொழில். இன்று சாயங்காலம் படைக்கும்போதும் ஒரு எட்டு வந்துவிட்டுத்தான் போயிருந்தான். ஒரு மாதமாக இன்னொரு தொழிலும் சேர்ந்திருந்தது. பலராமன் என்ற மெட்ராஸ் ஓட்டல்காரருக்கு இந்த இடம் வேண்டுமாம். கொடுத்துவிடு அண்ணி, கொடுத்துவிடு அண்ணி என்று நச்சரிப்பு. இந்தக் கடைக்கு விலை சொல்கிறவன் இன்னும் பிறக்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

உள்ளே வந்த ராஜாங்கம் எங்கே பார்த்தான்?

கவிழ்ந்து கிடந்த நாற்காலியை அல்ல. அழுகிற கலியமூர்த்தியை அல்ல.

படத்தைப் பார்த்தான். கிளாஸ் நிறைந்திருந்தது. மூச்சு விட்டான். அப்புறம்தான் என்ன நடந்தது என்று கேட்டான்!

தராசு முள் ஆடியதைத் தனக்கொடி பார்த்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அரிகிருஷ்ணன் ஒரு கான்ஸ்டபிளோடு ஜீப்பில் வந்து இறங்கினார். பண்டிகை நாளில் டியூட்டி போட்ட கோபம் மீசையில் தெரிந்தது.

"தனக்கொடியம்மா, கடையைச் சாத்து. சீல் வைக்கணும்."

"எதுக்கு?"

"உன் சரக்கைக் குடிச்சு ஒருத்தன் விழுந்துட்டான். எதுக்குன்னு கேக்குற?"

"அதே சரக்கைக் குடிச்ச இருபது பேரு உக்காந்திருக்காங்க சார். எவனாவது விழுந்தானா? பில்லு கேட்டாதான் விழுவானுங்க."

ராஜாங்கம் குறுக்கே வந்தான். போலீஸோடு மல்லுக்கு நிற்காதே, பேர் கெட்ட கடையை எவன் மதிப்பான், நல்ல விலை வரும்போதே தள்ளிவிட்டுப் போய் நிம்மதியாக இரு என்று உருகினான்.

"நான் நிம்மதியா இருக்கறதுல உனக்கு எம்மாம் அக்கறை ராஜாங்கம்," என்றாள் தனக்கொடி. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "சீலு வைங்க. என் கையாலயே அரக்கு உருக்கித் தரேன். ஆனா எம்புருஷனுக்கு வச்ச படையலை எடுத்துட்டுதான். அதுக்கு முன்னாடி எவன் வந்தாலும் இந்தப் பூட்டு பூட்டாது."

சமையல்கட்டைக் காட்டுகிறேன் என்று அவரை உள்ளே கூட்டிப்போனாள். துணியில் சுற்றிய ஏதோ ஒன்று கை மாறியது. காதில் நாலு வார்த்தை. வெளியே வந்தபோது இன்ஸ்பெக்டர் மீசையில் கோபம் இல்லை. சத்தமாக அறிவித்தார்.

"அந்த ஆளுக்கு மாரடைப்பாம். படையலை முடிச்சுக்கம்மா. காலைல பேசிக்கலாம்."

ராஜாங்கத்தின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

பீச்சில் பேண்டு வாத்தியம் நின்றது. வாணம் ஒன்று சீறிப்போய் வெடித்தது.

தனக்கொடி கற்பூரம் காட்டினாள். விழுந்து கும்பிட்டாள். கிளாஸை எடுத்தாள்.

ராஜாங்கம் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மடக்...

ஒரு வாய் இறங்கியது. அவன் தடுக்கவில்லை. கண்கூட இமைக்கவில்லை.

"இந்தா. உன் பங்கு."

நீட்டினாள்.

அவன் ஒரு அடி பின்னால் போனான். "வேணாம் அண்ணி. வயிறு சரியில்ல."

"போன வருஷம் காய்ச்சலோட வந்து குடிச்ச. அதுக்கு முந்தி கிளாஸை விரல் வுட்டு வழிச்ச. இந்த வருஷம் அண்ணன் மேல இன்னா கோவம்?"

"அப்புறம் குடிக்கிறேன். வச்சிடு."

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை போட்டார். பாசமாகத்தான். ஆனால் அந்தப் பாசத்தில் எலும்பு நொறுங்கும்.

"குடிச்சிடுப்பா. அண்ணன் படையல். நாக்குலயாவது நனை."

"சார், நான்... நிறுத்திட்டேன் சார்."

"எப்பலேர்ந்து?"

ராஜாங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. அண்ணி இன்னும் விழவில்லையே... ஏன் விழவில்லை? அவன் பார்வை அவள் முகத்துக்கும் கிளாஸுக்குமாக ஓடியது.

தனக்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"எம்மாம் நேரம் நின்னு பாப்ப? கால் வலிக்கப் போவுது. நான் விழ மாட்டேன் ராஜாங்கம். சைகோன் கிளாஸு ரெண்டு இருக்குது, மறந்துட்டியா? நீ மருந்து கலந்தது ஒண்ணு. அதை அந்த மெட்ராஸ்காரரு எடுத்துக் குடிச்சிட்டாரு. காலி கிளாஸு துணி சுத்தி சார்கிட்ட இருக்குது."

ராஜாங்கத்துக்குத் தலை சுற்றியது. ஒரு மாதமாகப் போட்ட கணக்கு... பலராமனிடம் சொன்ன வாக்கு... எல்லாம் ஒரு ஓசிக் குடிகாரனால்!

அடக்க முடியாமல் வாய் திறந்தது.

"படையல்ல வச்சதைப் போயி எவனாவது எடுத்துக் குடிப்பானா? மனுசனா அவன்?"



இருபது பேர் கேட்டார்கள். ஒரு இன்ஸ்பெக்டர் கேட்டார். ராஜாங்கத்துக்கே அப்போதுதான் கேட்டது!

வாசலுக்குப் பாய்ந்தான். வாசலில் கலியமூர்த்தி. பாத்திரக்கடைக்காரர் கை. விட்ட அறையில் பித்தளைக் குடம் உருண்ட சத்தம் கேட்டது.

மடியைச் சோதித்த கான்ஸ்டபிள் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். எலி மருந்து. எலிக்கு வாங்கியது என்று முனகினான் ராஜாங்கம்.

"எலிக்கு வாங்குனதை அண்ணன் படத்துக்கு வச்சியாடா," என்றாள் தனக்கொடி. குரல் அந்த ஒரு தடவை மட்டும் லேசாக நடுங்கியது. "இந்தக் கடைய மூடணும்னா நான் சாவணும்னு சரியா கணக்குப் போட்ட. உயிரோட இருக்கற வரைக்கும் மூட மாட்டேன்னு உனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு."

ஜீப்பில் ஏற்றினார்கள்.

அந்த நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து அஞ்சலாட்சி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, அந்தாளு பொழைச்சிட்டாரு. வயித்துல நம்ம நண்டு அம்மாம் இருந்துச்சாம். எல்லாம் வெளிய வந்ததும் கண்ணு முழிச்சிட்டாரு. மிச்ச நண்டைக் கட்டி வைக்கச் சொன்னாரு."

கடை அதிரச் சிரித்தது. கலியமூர்த்தி அழுதுகொண்டே இன்னொரு பாட்டில் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். போகிறவர் நின்றார். மேஜையில் கிளாஸ் முக்கால்வாசி நிறைந்து இருந்தது. வாணம், வாத்தியம், பண்டிகை நாள்... டியூட்டியும் முடிந்தது.

"பிரெஞ்சு பிராந்தி... வீணாப் போவுதே," என்று எடுத்து ஒரே மடக்காக ஊற்றினார்.

முகம் கோணியது.

"என்னம்மா இது?"

"டீ டிகாஷன் சார். சர்க்கரை போட நேரமில்ல."

விளக்கைத் தூண்டிவிட்டுப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள் தனக்கொடி. மெடல் குத்திய சொல்தா மீசைக்குள்ளிருந்து முறைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி தன் பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்ததற்காக அல்ல... ஜூலை பதினாலில் டீ கொடுத்ததற்காக!