நோட்டில் இருந்தவள்

மத்தியானம் மூன்று மணிக்கு, ஆளில்லாத படுக்கையறையில் பிரஷர் பார்க்கும் மெஷின் தானாக ஓடத் தொடங்கியது.

முன்னறையில் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்த சில்லுவுக்கு, ஒரு மாதமாகக் காலையும் மாலையும் கேட்டுப் பழகிய அந்த உறுமல் நன்றாகவே தெரியும். வீட்டில் அவளையும் வயிற்றிலிருக்கும் எட்டு மாதப் பிள்ளையையும் தவிர யாரும் இல்லை.

"முதல்ல வர்ற நம்பரையே நோட்டுல எழுதுங்க. நூத்தி நாப்பது தாண்டினா உடனே வந்துடணும்" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். போனால் அட்மிட் செய்துவிடுவார்கள். பிள்ளை பிறக்குமுன்பே லீவு கரைந்துவிடும். அதனால் மூன்று தடவை அளந்து, இருப்பதில் குறைந்ததை எழுதினாள். அதுவும் ஏறியபோது மனசுக்குத் தோன்றியதை எழுதினாள். நோட்டில் ஒருத்தி ஜம்மென்று இருந்தாள். இவளுக்கோ படுத்தால் மூச்சு முட்டியது, காதுக்குள் ஓயாமல் இதயம் தடதடத்தது, கட்டிலடியில் கிடக்கும் செருப்பில் வீங்கிய கால் நுழையாமல் இரண்டு வாரமாயிற்று. இன்று காலை நூற்று எழுபத்திரண்டு. பயந்துதான் போனாள். கணவன் வந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

உறுமல் நின்றது. காற்று இறங்கும் சீறல். பிறகு, தாளில் பேனா உரசும் சத்தம்.

சுவரைப் பிடித்தபடி போனாள். கண்ணுக்குள் பொறி பறந்தது. அறையில் அவளுடைய சோப்பு வாசனை, இப்போதுதான் குளித்து வந்ததுபோல். கட்டில் காலி. மெஷினின் பட்டை மட்டும் ஒரு கையைச் சுற்றிக் கட்டியதுபோல் உருண்டு நின்றது. உள்ளே கை இல்லை. திரையில் 118. 76. நோட்டில் மை காயவில்லை.

அவளுடைய கையெழுத்து.

பட்டையைப் பிடுங்கித் தன் கையில் சுற்றினாள். இறுகியது. இன்னும் இறுகியது. திரையில் எதுவுமே வரவில்லை.

நெஞ்சு அடைத்தது. கட்டிலோரம் தரையில் சரிந்தாள்.

வாசல் கதவு திறந்தது. "சில்லு, இன்னிக்கு எவ்வளவு இருக்கு?" கணவன்தான், வாசலில் நின்றபடியே.

வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை.

"நூத்திப் பதினெட்டு, எழுபத்தாறு." அவளுடைய குரல். கட்டிலின் மேலிருந்து.

"அப்பாடா. சரி, தூங்கு. நான் கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது.

மேலே மெத்தை அசைந்தது. அவள் முகத்தருகே ஒரு கால் தரையில் இறங்கியது. வீக்கமே இல்லாத கால். அது அவளுடைய செருப்புக்குள் சுலபமாக நுழைந்தது.