மூன்றாவது மூடி

பம்பை நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

ஜீவானந்தன் சுவிட்சைத் திரும்பவும் பார்த்தார். நிறுத்தித்தான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்தில் தண்ணீர் விழுவது நின்றுபோய், அழகுக்கு வளர்த்த கோய் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சத்தம் குளத்திலிருந்து வரவில்லை. பக்கத்தில் இருந்த வடிகட்டித் தொட்டிக்குள்ளிருந்து வந்தது. மெதுவாக ஓர் இழுப்பு, கொஞ்சம் இடைவெளி, பிறகு கொழகொழவென்று ஒரு பெருமூச்சு. குழாயில் காற்று மாட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். எதற்கும் ஒரு காரணம் எழுதிவைத்தால்தான் அவருக்கு நிம்மதி.

மணி நாலு. சுவா என்ற ஊரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சாலையில் கடைசி வீடு அவருடையது. வேலிக்கு அப்பால் மரங்கள் வரிசை வரிசையாக இருட்டுக்குள் போயின. வானம் மூடிக்கொண்டு வந்தது. வருடக் கடைசி மழை பிடிப்பதற்குள் தொட்டியைக் கழுவியாக வேண்டும். போன வருடம் இதே வேலையை அவர் செய்தபோது மனைவி குமுதினி வாசலில் நின்று, "சேத்துக் காலோட உள்ளுக்கு வராதீங்கோ" என்று அதட்டினாள். அவள் இறந்து பதினோரு மாதமாகிறது. இப்போது சேற்றுக் காலோடு படுக்கையறை வரைக்கும் போகலாம். ஒரு நாள் போயும் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

தொட்டியைக் கட்டிக்கொடுத்த ஆறுமுகம் சுங்கை காடுட்டில் இருக்கிறார். காலையில் போன் செய்தபோது, "இடுப்பு புடிச்சிக்கிச்சு சார், நீங்களே கழுவிடுங்க லா" என்றார். "பைப்புத் தண்ணி மட்டும் வேணாம். குளத்துத் தண்ணியிலயே அலசுங்க. அதுல நல்ல கிருமி இருக்கு சார், அதுக்கும் உசிரு. பம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல நிப்பாட்டிறாதீங்க. மூச்சு முட்டி எல்லாம் செத்துரும்."

தொட்டிக்கு மூன்று அறைகள், மூன்று பலகை மூடிகள். தோட்டத்து உடும்புகள் வந்து புரட்டும் என்பதால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். முதல் கல்லை நகர்த்தி மூடியைத் தூக்கினார். அழுக்கைப் பிடிக்கும் பிரஷ்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். அவற்றில் பச்சைப் பாசி சுற்றியிருக்க வேண்டும். சுற்றியிருந்தது முடி. இடுப்பளவு நீளம். நரை, நுனியில் மட்டும் மருதாணிச் சிவப்பு. சேற்று நாற்றத்துக்கு அடியிலிருந்து, தலைவலி வந்தால் குமுதினி நெற்றியில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசம் மெல்ல எழுந்தது.

அவர் செய்தது அவருக்குத்தான் தெரியும்.

போர்ட்டிக்சன் கடலில் அஸ்தியைக் கரைத்த அன்று, திரும்பிப் பார்க்காமல் நடங்கோ என்று ஐயர் சொன்னார். ஜீவானந்தன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கைக்குட்டையில் ஒரு பிடிச் சாம்பலை முடிந்து, கால்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். மொத்தமாகக் கொடுக்க மனம் வரவில்லை. அன்று மாலையே அதைக் குளத்தில் தூவினார். பக்கத்திலேயே இருக்கட்டும் என்று நினைத்தார். கடல் கொண்டுபோய்விடும். குளம் எங்கே கொண்டுபோகும்? பம்பு இழுக்கும், வடிகட்டி பிடித்துவைக்கும். இரவும் பகலும், பதினோரு மாதமாக.

இரண்டாவது மூடி. உள்ளே, நல்ல கிருமி வளரும் நார்ப்பாய்கள் நெருக்கமாக நின்றன. ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது. பாய் மட்டும் சூடாக இருந்தது, காய்ச்சல்காரியின் முதுகு போல. அது அவர் கைக்கு அடியில் ஏறியது. இறங்கியது. அந்தச் சத்தமும் அதோடு ஏறி இறங்கியது.

இப்போது அடையாளம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாளும் அவர் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். நுரையீரலில் நீர் கோத்து அவள் இழுத்த மூச்சு. மூன்றாம் நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "என்னைப் போக விடுங்கோ."

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. கை மூன்றாவது கல்லை நகர்த்தி மூடியைத் தூக்கியது.

அந்த அறையில் வெள்ளைப் பவளக் கற்கள். அவற்றைக் கட்டிவைத்திருந்த வலைப்பை கிழிந்திருந்தது. கற்கள் சிதறவில்லை. ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. விலா. தோள். விரல்கள். அவற்றின் மேல் வெளுத்த தோல், பாதி மட்டும். முகத்தில் கண் இன்னும் வரவில்லை. வாய் வந்திருந்தது. வாய் நிறையத் தண்ணீர்.

அது திறந்தது. தண்ணீர் வழிந்தது.

"விடுங்கோ."

மூடியைப் போட்டார். கல்லை வைத்தார். பின்வாங்கி, சுவரில் முதுகு இடித்து நின்றார்.

மணி நாலு ஐம்பது. பம்பு நின்று ஒரு மணி நேரமாக இன்னும் பத்து நிமிடம். அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும். அவள் போய்விடுவாள்.

மூச்சு நீண்டது. இடைவெளி நீண்டது. ஓர் இழுப்பு. வெகுநேரம் ஒன்றுமில்லை. இன்னோர் இழுப்பு. மழையின் முதல் துளிகள் பலகையில் விழுந்தன. பிறகு எதுவும் கேட்கவில்லை.

அவருக்குப் பின்னால் வீடு திறந்து கிடந்தது. உள்ளே ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. மேசையில் ஒரு தட்டு. கொடியில் ஒரு துண்டு. இரவு வரும், நாளைக் காலை வரும், யாரும் அதட்டமாட்டார்கள். தொட்டிக்குள் இருப்பதைவிட அந்த வீடுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

சுவிட்சைப் போட்டார்.

தண்ணீர் பாய்ந்தது. மூடிக்கு அடியில் மூச்சு மறுபடி பிடித்துக்கொண்டது. அவசர அவசரமாக. திணறித் திணறி.

சட்டைப் பையில் போன் அடித்தது. மெல்பர்னிலிருந்து மகள் மயூரி.

"அப்பா, அங்க மழையா? தனியவா இருக்கிறீங்கள்?"

அவர் தொட்டியைப் பார்த்தார். மூன்றாவது மூடி ஒரு விரற்கடை எழும்பியிருந்தது. இடுக்கில் நான்கு வெள்ளை விரல்நுனிகள். அவை அவரைத் தேடவில்லை. கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தன. கல் நகர்ந்தது. விளிம்புக்கு வந்தது. விழுந்தது.

"இல்லையம்மா," என்றார் ஜீவானந்தன். "தனிய இல்லை."

மழையில் நனைந்தபடி நடந்துபோய், அந்த மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கீழிருந்து அவள் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.