மூன்றாவது யூனிட்டின் இரைச்சல்

மூன்றாவது யூனிட்டின் இரைச்சல் நின்று நின்று வந்தது.

இரைச்சல் அப்படி வராது. பெர்சிஸுக்கு அது நன்றாகத் தெரியும். எலெக்ட்ரிக் கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான டியூப் ஆம்பில், ஒலியைக் கூட்டும் கெய்ன் குமிழை முக்கால்வாசி ஏற்றிவிட்டு, கிதாரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால், தகரக் கூரைமேல் விழும் தூறல்போல ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். நடுவில் கிதாரின் ஒலியை மாற்றித்தரும் ஒரு டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் யூனிட்டை மாட்டினால் அந்தத் தூறலோடு மெல்லிய ஊளையோ உறுமலோ சேர்ந்துகொள்ளும். முதல் யூனிட் ஊளையிட்டது. இரண்டாவது உறுமியது. மூன்றாவதன் இரைச்சல் எழுந்தது, தாழ்ந்தது, ஒரு கணம் நின்றது, மறுபடி எழுந்தது.

மூச்சு விடுவதுபோல.

சென்னையில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவள் தம்பி ராஜேஷ்தான் மூன்று யூனிட்டுகளையும் ரயிலில் திருத்தணிக்குத் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். “வாசிக்கவே வேணாம்க்கா. மூணுல எது கம்மியா இரையுதுன்னு கேட்டுச் சொல்லு, போதும்” என்றான். எதற்காக வந்தான் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. மகள் லில்லி போன பிறகு அவள் கிதார் உறையைத் திறக்கவே இல்லை; இன்றுதான் எடுத்து மாட்டினாள். போன ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல், ஆறு வயதுப் பிள்ளையை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போய்விட்டது.

லில்லிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. அம்மா வாசிக்கும்போது ஆம்பின்மேல் குப்புறப் படுத்து, மரப்பெட்டியின் அதிர்வை வயிற்றில் வாங்கிக்கொண்டு சிரிப்பாள். தொண்டையும் மூக்குமாகச் சேர்ந்து வரும் சிரிப்பு அது. பெர்சிஸ் அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்து, “அம்மா. சொல்லு கண்ணு, அம்மா” என்பாள். அதற்கும் சிரிப்புதான் பதில். அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமலே பிள்ளையின் குழியில் மண் போட்டாள்.

ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டதால் மலைமேல் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது; தெருவில் ஒரு காவடிக் கூட்டம் பம்பை அடித்துக்கொண்டு போனது. வெளிச்சத்தம்தான் எப்படியோ உள்ளே கலக்கிறது என்று ஜன்னல்களைச் சாத்தினாள். மூச்சு நிற்கவில்லை. செல்போனை அணைத்து வேறு அறையில் வைத்தாள். ஃபேனை நிறுத்தினாள், லைட்டை அணைத்தாள், அடாப்டரை மாற்றினாள், ஒயரை மாற்றினாள். புழுக்கத்தில் வியர்வை முதுகில் வழிந்தது. ஆம்பினுள் சூடேறிய கண்ணாடி டியூப்களின் மேலிருந்த தூசி கருகி மணத்தது. அந்தக் கருகலுக்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது. ஆரஞ்சு வாசனை. லில்லிக்குக் கொடுத்த காய்ச்சல் மருந்தின் வாசனை.

கடைசியாகக் கிதாரின் இணைப்பையே பிடுங்கினாள்.

மூச்சு வந்துகொண்டிருந்தது.

அந்த யூனிட்டில் நாய்ஸ் கேட் இருந்தது. மெல்லிய சத்தங்களை வெளியே விடாமல் கதவடைத்துவிடும் வசதி. அதைப் போட்டாள். சட்டென்று அமைதி. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். ஒரு குழந்தையின் வாயைப் பொத்திவிட்டதுபோல் இருந்தது. தாங்க முடியவில்லை. உடனே எடுத்துவிட்டாள்.

மூச்சு இப்போது வேகமாக வந்தது. இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்ததுபோல, திணறித் திணறி.

“லில்லி?” என்றாள்.

சிரிப்பு கேட்டது. தொண்டையும் மூக்குமாக.

பெர்சிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருட்டில் ஆம்பின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. கை தானாக நீண்டு கெய்னைக் கொஞ்சம் கூட்டியது. இரைச்சல் பெருகியது, அதோடு சிரிப்பும் கிட்டே வந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினாள். இன்னும்.

“அம்மா.”

தெளிவாக.

எத்தனை முறை சொன்னது, எவ்வளவு நேரம் ஆனது, எதுவும் அவளுக்குத் தெரியாது. அரக்கோணம் ரயில்வே யார்டில் வேலை முடித்துக் கணவன் ஜெபசிங் வந்து கதவைத் தள்ளியபோதுதான் பொழுது சாய்ந்திருப்பதையே பார்த்தாள்.

“இன்னா பெர்சி, இருட்டுல உக்காந்துகினு இருக்கிற?”

“சத்தம் போடாதீங்க. கேளுங்க.”

“அம்மா” என்றது ஆம்ப். பிறகு சிரித்தது.

ஜெபசிங்கின் கையிலிருந்த சாப்பாட்டுப் பை நழுவியது.

“நம்ம புள்ளைக்குப் பேச்சு வராதே” என்றான் மெல்ல.

“இப்ப வருதுங்க.”

“வேணாம் பெர்சி. சிரிப்பு அவளுதுதான். குரல் அவளுது இல்ல.”

“அவ குரல நீங்க எப்பக் கேட்டீங்க?”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனும் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவனைப் பார்க்க முடியவில்லை. பார்வை ஆம்பை விட்டு அகலவில்லை.

“அம்மா” என்றது குரல். “கை குடும்மா.”

ஜெபசிங் பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினான்.

சிவப்பு விளக்கு அணைந்தது. இரைச்சல் தேய்ந்து, அடங்கியது. டியூப்கள் ஆறும்போது கண்ணாடி டிக், டிக் என்றது. பிறகு அதுவும் இல்லை.

“வெளிய வா. நான் சொல்றத கேளு, வெளிய வா.”

அவள் எழுந்தாள். ஒரு அடி வைத்தாள்.

“கை குடும்மா.”

மின்சாரம் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. ஆம்பின் பின்பக்கம். பலகை இல்லாமல் திறந்திருக்கும் பக்கம். அங்கிருந்து.

“போவாத பெர்சி!”

போனாள். முழங்காலிட்டாள். இருட்டுக்குள் கையை விட்டாள்.

சூடான சின்ன விரல்கள் பற்றிக்கொண்டன. கொதிக்கும் காய்ச்சல். ஆரஞ்சு வாசனை. “அம்மா இங்கதான் இருக்கேன் கண்ணு” என்றாள். அழுகை உடைந்து கொட்டியது.

ஜெபசிங் அவள் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தான்.

உள்ளேயிருந்தும் இழுத்தது.

மணிக்கட்டு போனது. முழங்கை போனது. ஒரு சாண் ஆழமே உள்ள பெட்டிக்குள் கை தோள்வரை போனது. அவள் கன்னம் மரத்தில் அழுந்தியது. சின்ன விரல்கள் நீண்டன. மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றின. மறுபடி ஒரு சுற்று. லில்லியின் கை அவளுக்குத் தெரியும். நகம் வெட்டிவிட்ட கை. கடைசி இரவு முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்த கை.

இது அந்தக் கை இல்லை.

“அம்மா” என்றது, அவள் காதோரத்தில்.

பெர்சிஸ் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.