ஏற்கெனவே மாற்றிய முட்டி

"சார், என் முட்டியை யாரோ திருடிட்டாங்க" என்றார் டைல்ஸ்காரர்.

அவசரம் அவர் காலைப் பார்த்தான். இரண்டு முட்டியும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. வலது முட்டி மட்டும் வீங்கிப்போய், துணி சுற்றிக் கிடந்தது. வந்தவருக்குத் தலையில்தான் ஏதோ கோளாறு என்று அவன் அப்போதே முடிவு கட்டிவிட்டான். முடிவு கட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவனுடைய அக்கா அவனுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர் வைத்ததே அதனால்தான்.

கீழே இருந்த கைப்பேசி ரிப்பேர் கடை அவனுடையது. மாடி அறை அக்கா புருஷனுடையது. அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; ஏமாந்தவர்கள் இப்போது அவரைத் தேடி மாடியேறி வருவார்கள். பக்கத்தில் இடி விழுந்தால்கூட, "எந்தப் பக்கம் விழுந்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

"உக்காந்து சொல்லுங்க" என்றார் அத்தான்.

டைல்ஸ்காரர் தனியாக வரவில்லை. அவருடைய அண்ணன், ஒரு குடியிருப்பில் காவலாளி வேலை பார்ப்பவர், தம்பியை ஏறக்குறைய தூக்கிக்கொண்டுதான் மாடியேறி வந்திருந்தார். முகத்தில் இருவரும் ஒரே அச்சு. வருகிறவர்களுக்கென்று இருந்த ஒரே நாற்காலியில் தம்பியை உட்கார வைத்தார். அவசரம் தரையில் பாயை விரித்து, "நீங்களும் உக்காருங்கண்ணே" என்றான்.

"பரவாயில்ல தம்பி. நின்னே பழகின உடம்பு."

டைல்ஸ்காரர் கதையைச் சொன்னார். தரையில் குந்தி உட்கார்ந்தே பாதி ஆயுள் போய்விட்டது. முட்டி தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. குந்துகிற வேலை இனிமேல் இல்லை; மாற்றாவிட்டால் நின்று செய்கிற வேலைக்குக்கூடப் போக முடியாது. வேலை போய்விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தொழிலாளர் மருத்துவத் திட்டத்தில் இலவசமாக முட்டி மாற்றுகிறார்கள் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். கவுண்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் போன வருஷமே வலது முட்டி மாத்தியாச்சே. ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்யா" என்று சொல்லிவிட்டாள்.

"எக்ஸ்ரே எடுத்துக் காட்டினீங்களா?" என்றான் அவசரம்.

"காட்டினேன் தம்பி. டாக்டர் பாத்துட்டு, இது மாத்தாத முட்டிதான்னு சொன்னாரு. ஆனா அந்தம்மா, 'அப்படின்னா இந்தப் பேருக்கு உரிய ஆள் நீங்க இல்ல'ங்குது. முட்டி கேக்கப் போன இடத்துல ஆளே நான் இல்லைன்னு ஆயிடுச்சு."

அவசரத்துக்கு இரத்தம் கொதித்தது. இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கடைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அவன் வகுப்பெடுப்பது இதைத்தான்.

"உங்களுக்கு யாராவது போன் பண்ணி நம்பர் கேட்டாங்களா? ஏதாவது லிங்கை அமுக்கினீங்களா? பாஸ்வேர்டை யார்கிட்டயாவது சொன்னீங்களா? திட்டத்துக்குக் குடுத்த அட்டையை ஜெராக்ஸ் எடுத்து எங்கயாவது குடுத்தீங்களா?"

டைல்ஸ்காரர் சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்துக் காட்டினார். அதில் அமுக்குவதற்கு லிங்கும் இல்லை, பாதி பட்டனும் இல்லை. அட்டையை வீட்டை விட்டு வெளியே எடுத்ததே இல்லையாம்.

போனைத் திரும்பப் பையில் வைக்கும்போது அது கை நழுவிக் கீழே விழுந்தது. அண்ணன் வலது காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு, இடுப்பை மட்டும் வளைத்து அதை எடுத்துக் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரியில ஆளை எப்படி அடையாளம் பாக்குறாங்க?" என்று அத்தான் முதல் கேள்வியைக் கேட்டார்.

"கட்டை விரல் சார். மெஷின்ல வைக்கணும்."

"நீங்க வெச்சீங்களா?"

"வெச்சேன், சிவப்பு வந்துச்சு. கை வேர்த்திருக்குன்னாங்க."

"திட்டத்துல எங்க பதிஞ்சீங்க?"

"கட்டட வேலை நடந்த இடத்துக்கே மெஷின் பெட்டியோட ஒருத்தர் வந்தாரு. அண்ணன்தான் அங்க அப்போ வாட்ச்மேன். எங்க எல்லாரையும் அவர்தான் இழுத்துட்டுப் போய் வரிசையில நிறுத்தினாரு. அவருக்கு மட்டும் அட்டையே கிடையாது சார். இதெல்லாம் பிடிக்காது அவருக்கு."

"அண்ணனுக்கு முட்டியெல்லாம் எப்படி?"

"அவருக்கும் வலிதான். போன வருஷம் முதலாளியோட வேற கட்டடத்துக்குக் காவலுக்குப் போனாரு. அங்க யாரோ ஒரு எண்ணெய் குடுத்தாங்களாம், தேய்ச்சே சரியாயிடுச்சு. தினமும் எனக்கும் தேய்ச்சு விடுறாரு. எனக்குத்தான் கேக்க மாட்டேங்குது."

"விடுடா" என்றார் அண்ணன் மெல்ல. "எங்கயாவது கடன் வாங்கிப் பண்ணிக்கலாம். சாருக்கு எதுக்கு வீண் தொல்லை?"

அத்தான் அவர் நின்ற நிலையைப் பார்த்தார். பிறகு அவசரத்தின் புதுக் கைப்பேசியை வாங்கி, துணியால் துடைத்து, டைல்ஸ்காரரிடம் நீட்டினார். "கண்ணாடி மேல கட்டை விரலை நல்லா அழுத்துங்க."

அழுத்தினார். அத்தான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவசரமும் எட்டிப் பார்த்தான். கண்ணாடியில் ஒரு மங்கலான திட்டு இருந்தது, அவ்வளவுதான். ரேகை என்று ஒரு கோடுகூட இல்லை.

"சிமென்டும் ஆசிட்டும்" என்றார் அத்தான். "எத்தனை காலமா இப்படி?"

"தொழிலுக்கு வந்த கொஞ்ச நாள்லயே மழமழன்னு ஆயிடுச்சு சார்."

அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டார். "மாப்ள, அந்தப் பெட்டிக்காரரைப் பிடிச்சு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடு. நாங்க முன்னால போறோம்."

பெட்டிக்காரரைத் தேடிப் போகும் வழியெல்லாம் அவசரம் வழக்கை முடித்து, தீர்ப்பும் எழுதிவிட்டான். பெட்டிக்காரரும் கவுண்டர் அம்மாவும் கூட்டு. ரப்பரில் விரல் செய்து யாருக்கோ விற்றிருக்கிறார்கள். ஆளைப் பார்த்ததும் சந்தேகம் இன்னும் உறுதியானது, ஏனென்றால் ஆஸ்பத்திரி என்றதும் பெட்டிக்காரர் முகம் செத்துவிட்டது.

மத்தியானம் கவுண்டரில் கூட்டம் இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கவுண்டர் அம்மா, இந்தப் பக்கம் அண்ணன் தம்பி இருவர், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு பெட்டிக்காரர். அவசரம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். யாரும் ஓடுவதாகத் தெரியவில்லை என்றாலும் ஒரு முன்னெச்சரிக்கை.

டைல்ஸ்காரர் மறுபடியும் விரலை வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார். அப்போதும் சிவப்பு.

"எனக்கே பாவமாத்தான் இருக்குய்யா" என்றாள் கவுண்டர் அம்மா. "ஆனா பச்சை வந்தாத்தான் அடுத்த பக்கமே தொறக்கும். போன வருஷம் வந்தவருக்கு வெச்ச உடனே பச்சை வந்துச்சு. முகமும் படத்துல இருக்கற முகம்தான். நான் எதைச் சந்தேகப்படறது?"

"நீங்க சந்தேகப்பட ஒண்ணுமில்லம்மா" என்றார் அத்தான். "மெஷின் பொய் சொல்லல. திருடின விரலும் வரல, ரப்பர் விரலும் வரல. மாப்ள, அந்த வாசலை விட்டு வா."

அவசரம் முகம் சுருங்கி வந்தான்.

"இவர் விரல்ல ரேகை போய் ரொம்ப காலம் ஆச்சு. திட்டத்துல பதிஞ்சது அதுக்கெல்லாம் ரொம்பப் பின்னால. அப்ப மெஷின்ல ஏறின ரேகை இவரோடதா இருக்கவே முடியாது. இல்லாத ஒண்ணை யாரும் திருட முடியாதுல்ல? அன்னிக்கே வேற யாரோ வெச்சிருக்கணும்." அத்தான் பெட்டிக்காரர் பக்கம் திரும்பினார். "என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க."

பெட்டிக்காரர் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். "வெச்சு வெச்சுப் பாத்தும் ஏறல சார். அன்னிக்குள்ள அத்தனை பேரையும் முடிக்கணும்னு எனக்கு மேலிடத்து உத்தரவு. பின்னால வரிசை கத்துது. வீட்டு ஆள் யாராவது வைங்க, பேர் ஏறினா போதும்னேன். கட்டட வேலையில ஒருத்தர் கைக்கு இன்னொருத்தர் கை குடுக்கறது வழக்கம்தானே சார்? எல்லாரும் சிரிச்சுக்கிட்டேதான் வெச்சாங்க."

டைல்ஸ்காரருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஆமா சார். அதுல என்ன தப்பு? வெச்சது எங்க..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாக்கியத்தின் மிச்சம் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

யாரையாவது கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறோம் என்று காலையிலிருந்து துள்ளிய அவசரம், அந்த ஆள் யாரென்று தெரிந்ததும், இது தெரியாமலே போயிருக்கலாம் என்று நினைத்தான்.

அத்தான் குரலை உயர்த்தவில்லை. "முட்டி மாத்தினவங்க தரையில உக்கார மாட்டாங்க, மண்டி போட மாட்டாங்க. அண்ணன் பாயில உக்காரல. போனை எடுக்கறப்பகூட மடிச்சா வலிக்கிற காலைப் பின்னால நீட்டிக்கிட்டார். ஆனா தம்பியைத் தாங்கிக்கிட்டு மாடியேற முடியுது. தேய்ஞ்ச எலும்பை எந்த எண்ணெயும் வளர்க்காது. ஊரையே வரிசையில நிறுத்தினவர்கிட்ட அட்டை மட்டும் இல்லை. பிடிக்காம இல்ல, எடுக்க முடியல. அப்படித்தானே?"

அண்ணன் கவுண்டர் பக்கம் நடந்து போய், மெஷினில் கட்டை விரலை வைத்தார். உடனே பச்சை எரிந்தது. திரையில் தம்பியின் பெயரும் தம்பியின் முகமும் வந்தன.

"எனக்குப் பதியப் போனப்ப, இந்த விரல் ஏற்கெனவே இன்னொருத்தரோடதுன்னு சொல்லிடுச்சு" என்றார். "எங்கெங்கயோ போய்ப் பாத்தேன். எங்க போனாலும் நான் நீதான்டா. காலை ஊன முடியாம முதலாளி வேலையை விட்டு அனுப்பறேன்னப்ப, இங்க வந்து விரலை வெச்சேன். உன் பேரைச் சொல்லி உள்ள கூப்ட்டாங்க. போயிட்டேன். வேற கட்டடத்துக்குக் காவலுக்குப் போறேன்னு உங்கிட்ட சொன்னது பொய்."

டைல்ஸ்காரர் அண்ணன் பக்கம் திரும்பினார். "கேட்டிருக்கலாமேண்ணே. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"குடுத்திருப்பே. அதனாலதான் கேக்கல."

"அப்ப தினமும் வந்து எண்ணெய் தேய்ச்சியே, அது என்ன நாடகம்?" தம்பி அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டார். பிடித்த வேகத்தில் வலது கால் மடங்கியது. அவர் கீழே விழாமல் தாங்கியதும் அண்ணன்தான். அந்தக் கையை உதறவும் முடியாமல், விட்டால் விழுந்துவிடுவோம் என்பதால் பிடித்துக்கொண்டே அவர் அழுதார்.

"அத்தான், ஏதாவது பண்ணுங்க" என்றான் அவசரம். "பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம்னு தினமும் நாலு பேருக்குச் சொல்றேன். விரலை எப்படி அத்தான் மாத்துறது?"

"யாரு, எப்படின்னு கண்டுபிடிக்கத்தான் மாப்ள எனக்குத் தெரியும்" என்றார் அத்தான். பிறகு கவுண்டர் அம்மாவிடம், "திருத்த வழியே இல்லையாம்மா?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

அவள் திரையில் எங்கெங்கோ போய்ப் பார்த்தாள். "ஒரே ஒரு வழி இருக்குய்யா. தன் பேர்ல ஆள்மாறாட்டம் நடந்திருக்குன்னு பாதிக்கப்பட்டவர் புகார் பதியணும். அதுக்கப்புறம் போலீஸ் வரும், விசாரணை நடக்கும். ஏமாத்தினவர் உள்ள போவார். அப்புறம் மேலிடத்துல பாத்துத் திருத்துவாங்க."

"பதிஞ்சிடுங்க" என்றார் அண்ணன் உடனே. "நான் போறேன். அவனுக்கு முட்டி கிடைக்கட்டும்."

அவள் தட்டினாள். திரை மாறியது. அவள் அதைப் படித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்: "புகார் குடுக்கறவர் கட்டை விரலை வைக்கணுமாம்."

டைல்ஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை வைத்தார். சிவப்பு. அழுத்தி வைத்தார். சிவப்பு. பெட்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"தள்ளுடா" என்று அண்ணன் தம்பியின் கையை நகர்த்திவிட்டு, தன் கட்டை விரலை மெஷின் மேல் கொண்டுபோனார்.

டைல்ஸ்காரர் அந்தக் கையை எட்டிப் பிடித்தார். அண்ணன் இழுத்துப் பார்த்தார், தம்பி விடவில்லை.

"வேணாம்ணே" என்றார். "இந்த மெஷினுக்குள்ள நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆள்தான் இருக்கான். அவனையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டா, அப்புறம் நாம யாருண்ணே?"

பின்னால் ஒரு நோயாளி வந்து நின்றதால், கவுண்டர் அம்மா திரையை மூடிவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.