இருபக்கக் கழலை

"அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க, மரம் எனக்குத்தான்னு," என்றார் சென்னியப்பன்.

"அவருகிட்டச் சொல்லிப்போடுங்க, பாத்துப் பாத்து வளத்துனது நானுன்னு," என்றது மரத்தின் மறுபக்கத்திலிருந்து அவர் மனைவி வசந்தாமணியின் குரல்.

மரவைத்தியர் ரெஜினா நடுவில் நின்று விழித்தாள். கோவையில் வானத்தைத் தொடும் குடியிருப்பு ஒன்றின் உச்சி வீடு அது. கூடத்தை ஒரு நோக்குமரம் இரண்டாகப் பிரித்திருந்தது. ஆளுக்கொரு பக்கம் நாற்காலி. பேச்சுவார்த்தை நின்று மாதக்கணக்காகிறது. விவாகரத்துக்கு இருவருக்கும் சம்மதம். மரம் யாருக்கு என்பதில்தான் இழுபறி.

நோக்குமரம் தண்ணீரோடு பார்வையையும் குடிக்கும். மனிதக் கண் எங்கே நிலைக்கிறது என்பதை இலையிலும் பட்டையிலும் வளர்த்த உணரிகள் கண்டுகொள்ளும். பார்த்த இடத்தில் துளிர் வரும். வந்த புதிதில் ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கினார்கள். நம்மைக் கவனிக்க வீட்டில் ஒன்றாவது இருக்கிறதே என்ற சந்தோஷம், பாவம்.

இந்த மரத்தின் நடுக்கிளையில் பலாப்பிஞ்சு அளவுக்கு ஒரு கழலை. சாறு மேலே ஏறாமல் உச்சி கருகத் தொடங்கியிருந்தது. ரெஜினா ஏற்கெனவே இரண்டு முறை வெட்டிவிட்டாள். அதே இடத்தில் மறுபடியும் புடைத்தது. இப்படியே போனால் மரம் யாருக்குமில்லை.

"கண்ணு பட்டுப்போச்சுங்க. பூசணிக்காய் சுத்தி ஒடைச்சும் போகலீங்க," என்றாள் வசந்தாமணி.

ரெஜினா தடங்காட்டியைக் கிளையில் பொருத்தினாள். மரத்தின்மேல் விழுந்த பார்வைகள் எங்கிருந்து வந்தன என்று ஒளிக்கோடாக வரைந்து காட்டும் கருவி அது. கழலையிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்பின. ஒன்று சென்னியப்பன் நாற்காலியில் போய் நின்றது. மற்றது வசந்தாமணி நாற்காலியில்.

"ஒரு பக்கத்துலேருந்து பார்த்தா துளிர் வரும். ரெண்டு பக்கமும் ஒரே இடத்தைப் பார்த்தா, எந்தப் பக்கம் வளர்றதுன்னு தெரியாம அங்கேயே வீங்கிடும்," என்றாள் ரெஜினா. தயங்கிவிட்டுச் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் மரத்தைப் பார்க்கலைங்க. இலைச் சந்து வழியா..."

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். "அவ மாத்திரை போட்டாளான்னு பாத்தனுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

"ஏனுங்க," என்றாள் வசந்தாமணி. இந்த முறை ரெஜினாவிடம் இல்லை. "போட்டுட்டனுங்க."

ரெஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கருவியைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறினாள்.

சில வாரங்கள் கழித்து அதே வீட்டிலிருந்து அழைப்பு. கழலை சுருங்கிவிட்டது, ஆனால் மரம் காய்கிறதாம். போய்ப் பார்த்தாள். ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளும் ஒட்டிக் கிடந்தன, மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இலையெல்லாம் கொட்டியிருந்தது.

"இதை யாருமே பார்க்கறதில்லையா?"

"அவதான் பாத்திருக்கோணும்," என்றார் சென்னியப்பன்.

"ஏனுங்க, உங்களுக்குக் கண்ணில்லீங்களா?"

"எல்லாத்துக்கும் நானேவா?"

குரல்கள் ஏறின. அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இருவர் கண்ணும் வெற்றுக்கிளைகளின் வழியே ஒருவரையொருவர் களவாகத் தேடத் தொடங்கின.

காய்ந்த நடுக்கிளையில் பச்சையாக ஏதோ புடைப்பதை ரெஜினா கவனித்தாள்.

"மரம் பொழைச்சுக்கும்," என்றாள். "நீங்க சமாதானத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாப் பண்ணுங்க."